கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து

தம்பி,

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். நான் என்னடா என்றால் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாகக் கடலூர் கோர்ட் வாசலில் ஊராருடைய மனுக்களையும் பத்திரங்களையும் டைப் அடித்துக் கொடுத்த கை இது. அடுத்தவர் சொல்லச் சொல்ல அடித்தே பழகிவிட்டது. சொந்தமாக ஒரு வரி அடிக்க உட்கார்ந்தால் விரல் 'மேற்படி' என்றும் 'சமூகம் அவர்களுக்கு' என்றும்தான் போகிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பொறுத்துக்கொள். என் மண்டைக்குள் எல்லாம் அப்படித்தான் கிடக்கிறது. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. உன் அத்தை படிக்கலாம், கோர்ட் வாசலில் என் பக்கத்து மேஜைக்காரர்கள் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மூடி வைத்து வந்த வினைதான் இது.

நீ கூப்பிட்டபோது நான் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று நான் கேட்பதற்குள் நீ உன் சட்ட வகுப்பு விஷயத்தை ஆரம்பித்துவிட்டாய். வயதான ஒரு அம்மாள், மகனுடைய தொழிலுக்காகத் தன் வீட்டை ஈடு வைத்து அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், பிறகு வீடு போகிற நிலைமை வந்து வழக்காயிற்று, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி, இப்படி ஒரு உதாரணம் வைத்து உங்கள் வாத்தியார் பாடம் நடத்தினார் என்றாய். உங்கள் நாட்டில் இந்த மாதிரி பார்த்ததுண்டா என்று அவர் கேட்டதும் நீ கையைத் தூக்கியிருக்கிறாய். எங்கள் ஊரில் கூடப்பிறந்த பெண்கள் சந்தோஷமாக நிலத்தை விட்டுக்கொடுப்பார்கள், என் அத்தை அப்படிக் கொடுத்துத்தான் நான் இங்கே படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய்.

"பெருமையாதாம்மா சொன்னேன்," என்றாய். "பக்கத்துல ஒக்காந்திருந்த பொண்ணு மெதுவா கேட்டுச்சு, ஒங்க அத்தைக்கு அத யாரு படிச்சுக் காட்டுனாங்கன்னு. எனக்குப் பதில் தெரியல. நீதானம்மா அடிச்ச. நீ படிச்சுக் காட்டுனியா?"

"தம்பி, கொரலு விட்டு விட்டு வருது," என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது. பக்கத்துக் கடையில் நின்று கேட்கிற மாதிரி தெளிவாக வந்தது. மறுநாள் வாட்ஸ்அப்பில் நீ அனுப்பியதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. 'படிச்சுக் காட்டலன்னா நான் ரெண்டாவது வருஷத்துக்குப் பேர் பதியல. அத்தைய ஏமாத்தி வந்த படிப்பு எனக்கு வேணாம். உண்மையச் சொல்லு.' இதில் ஏமாத்தி என்ற சொல்லைப் பார்த்து முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவனை அனுப்பி வைத்ததற்கு இவன் என்னையே கூண்டில் ஏற்றுகிறானே என்று நினைத்தேன். அப்புறம் கோபம் போய்விட்டது. போன பிறகு அந்த இடத்தில் என்ன வந்தது என்று இன்னும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பதிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் படித்துக் காட்டவில்லை. இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

அண்ணாகிராமத்துப் பக்கம் இருந்த முந்திரித் தோப்பு உன் தாத்தா பேரில் இருந்தது. உயில் எழுதாமலே போய்விட்டார். அவருக்குப் பிள்ளைகள் இரண்டே பேர், உன் அமுதா அத்தையும் உன் அப்பாவும். ஆளுக்குப் பாதி. அப்பா போன பிறகு அவருடைய பாதி எனக்கும் உனக்கும் வந்தது, அத்தையின் பாதி அத்தைக்கு. இது எனக்குத் தெரியாததா என்ன? இதே விவரத்தை வேறு வேறு குடும்பங்களுக்கு எத்தனையோ தடவை அடித்துக் கொடுத்திருக்கிறேன். தோப்பை விற்றால்தான் உன்னை அனுப்ப முடியும் என்று ஆனபோது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. அத்தையையும் விற்பவர்களில் ஒருத்தியாகச் சேர்த்து, அவள் பங்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவளாகப் பார்த்து உன் படிப்புக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது ஒரு வழி. இன்னொன்று நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது. கட்டிக்கொடுத்த பெண்ணை அழைத்து, புடவை, பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. இந்தச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடும். நான் இரண்டாவது வழியில் போனேன். முதல் வழியை நான் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டேன் என்றால் அதுகூட ஒரு மாதிரி நேர்மை. அது என் மனதிலேயே வரவில்லை.

அத்தையிடம் நான் சொன்னது இவ்வளவுதான். "அண்ணி, புள்ள வெளிநாடு போறதுக்குத் தோப்பு விஷயமா ஒங்க கையெழுத்து ஒண்ணு வேணும்." அவளும், "அதுக்கென்னா, போட்டாப் போச்சு," என்றாள். அன்று காலையில் வண்டி பிடித்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டேன். நீ ஆங்கிலத் தேர்வு எழுதச் சென்னையில் இருந்தாய், உன் சார்பில் கையெழுத்துப் போடும் பவர் என்னிடம் இருந்தது. அத்தை வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள், வண்டியில் ஒரு காலை வைத்த பிறகு, "இரு, கண்ணாடிய எடுத்துக்கிறேன்," என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், உனக்குத்தான் தெரியுமே. தினமும் மத்தியானம் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவள். நான், "கையெழுத்துதான அண்ணி, கண்ணாடி எதுக்கு? நேரமாவுது," என்றேன். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அதை நான் ஏன் சொன்னேன்? இந்த ஒன்பது நாளாக என்னை நானே கேட்கிற கேள்வி இது. நேரமாகிக்கொண்டிருந்தது உண்மை. ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் நேரம் தவறினால் இன்னொரு நாள் அலைய வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் கண்ணாடி எடுத்துவர இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அவள் படித்தால் என்ன சொல்வாளோ என்று உள்ளுக்குள் எங்கோ நான் பயந்தேனா? பயந்திருந்தால் எனக்கே தெரியாமல் பயந்தேனா? சில நேரம் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நேரம் சத்தியமாக இல்லை என்று தோன்றுகிறது. கூண்டில் நிற்கிற சாட்சி இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் வக்கீல்கள் என்ன செய்வார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஆபீசில் அவளைப் படம் எடுத்தார்கள், விரல் வைக்கச் சொன்னார்கள். பதிவாளர் நல்ல மனிதர், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, நீங்களா சம்மதிச்சுதான எழுதிக் குடுக்கறீங்க? விவரம் தெரியும்ல?" என்று கேட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்புறம் அவள், "தெரியும் சார்," என்றாள். அந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் 'படிக்கக் கேட்டு, அறிந்து, முழு மனதோடு சம்மதித்து' என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்தது நான்தான். அடிக்கும்போது அது பொய் என்று எனக்கு உறைக்கவே இல்லை. எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரி, அதுபாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

முன்பெல்லாம் நான் அப்படி இல்லை, தம்பி. மெஷினில் அடித்த காலத்தில் ஒரு பேர் தப்பானால் முத்திரைத்தாளே வீண். அதனால் அடித்து முடித்ததும் கட்சிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். சுனாமி வந்த சமயம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பொம்பளை மனு எழுத வந்தாள். படகு போனது, வலை போனது எல்லாம் சொன்னாள், அடித்துப் படித்துக் காட்டினேன். மகன் பேர் வருகிற இடம் வந்ததும், "இன்னொரு வாட்டி படிங்கம்மா," என்றாள். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். நான்கு முறை படித்திருப்பேன். ஒரு தாளை உரக்கப் படிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பழைய பத்திரத்தைத் திறந்து, பேரை மாற்றி, ஊரை மாற்றி, பிரிண்ட் கொடுத்தால் முடிந்தது. வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள். படித்துக் காட்டுவது எப்போது நின்றுபோனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே நாளில் நின்றதல்ல.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிதான். நீ அங்கே போன முதல் வாரம் விடுதி ஒப்பந்தத்தைப் போனில் காட்டினாய். ஆங்கிலத்தில் இத்தனை பக்கம். நான் உன்னை விட்டேனா? ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்து, அர்த்தம் சொல்ல வைத்து, புரியாத இடத்தில் ஆபீசில் போய்க் கேட்டு வரச் சொல்லி, மூன்று நாள் உன்னை இழுத்தடித்தேன். "அம்மா, இங்க எல்லாரும் அப்படியே கையெழுத்துப் போடுறாங்கம்மா," என்று நீ சிணுங்கினாய். "எவன் வேணா போடட்டும். எம்புள்ள படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது," என்றேன். அதே வாய்தான். உனக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயம். இரண்டுக்கும் நடுவில் நான்கு மாதம்கூட இருக்காது, எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கவே இல்லை.

நீ என்னைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கேள். நானும் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டவள்தான். கல்யாணமான இரண்டாவது வருஷம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து உன் மாமா வந்து என்னை அழைத்துப் போனார். அப்போதே நான் டைப்பிஸ்ட். பத்திரம் என் கையில் இருந்தது, என் கண் நன்றாக இருந்தது, ஐந்து நிமிஷத்தில் படித்திருக்கலாம். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்தால் கூடப்பிறந்தவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா? படிக்காமல் போடுவதுதான் பாசம், மரியாதை என்று எனக்குள் இருந்தது. உன் மாமாவும் கொஞ்ச வருஷம் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார், அப்புறம் அவர் பிள்ளைகள் வளர்ந்தார்கள், வருவது குறைந்து நின்றுவிட்டது. எனக்கு வருத்தமா? இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் பிறந்த வீட்டு நிலம் வருகிற இடத்தில் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்புகிறது. இதற்கு என்ன பேர் என்று உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்களா?

என் குழப்பம் இதுதான். நீ படிக்கிற சட்டத்தில் படித்துக் காட்டாதது குற்றம். நான் வளர்ந்த வீட்டில் படித்துப் பார்ப்பதுதான் குற்றம். எது சரி என்று கேட்டால் உன் பக்கம்தான் சரி என்று அறிவுக்குத் தெரிகிறது. அப்படியானால் உன் பாட்டிமாரும் நானும் அத்தையும் இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன? எல்லாரும் ஏமாந்தவர்களா? யாருமே மனதாரக் கொடுக்கவில்லையா? உன் பக்கத்து சீட்டுப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று முதல் நாள் நினைத்தேன். யார் பெற்ற பெண்ணோ, எந்த ஊரோ, நம் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டாளே என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. அவளைப் பார்த்தால் கேட்டது நல்லதுதான் என்று சொல். அவளோடு சண்டை போடாதே. சங்கடமான கேள்வி கேட்கிறவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள், உன் தொழிலுக்கு அது வேண்டும். அதே மாதிரி, பதில் தெரியாதபோது தெரியாது என்று சொன்னாயே, அதையும் விட்டுவிடாதே. எனக்குத் தெரிந்த பல பெரிய வக்கீல்களுக்கு அது வராது.

போன வியாழக்கிழமை நான் மேஜையைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பையில் பத்திரத்தின் நகல். ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் திரும்பிவிடலாம் என்று இருந்தது. போய் என்ன சொல்வது? இப்போது படித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? தோப்பு கைமாறிவிட்டது, பாதி மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. ஆனாலும் இறங்கத் தோன்றவில்லை. வடக்கு வீதிக்குப் பின்னால் அந்தச் சந்துக்குள் நுழையும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. மூன்று வருஷம் நீ அங்கே தங்கி பி.ஏ. படித்தபோது அந்தச் சத்தத்தில்தான் உனக்குத் தூக்கம் வரும் என்பாய். அத்தை வாசலில் உட்கார்ந்து இட்லி மாவைக் கவரில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவன் நல்லாருக்கான் அண்ணி. நீங்க கண்ணாடிய எடுத்துக்கிட்டு வாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடியோடு வந்தாள். நான் பத்திரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "நீயே படி," என்றாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் வரியிலிருந்து படித்தேன். பேர், ஊர், யாருடைய மகள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். 'என் தம்பியின் குடும்பத்தின் மீதுள்ள பிரியத்தினால்' என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். 'எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எவ்வித உரிமையும் இல்லை' என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாரிசுகளா? எனக்கு யாரு இருக்கா?"

"அது எல்லாப் பத்திரத்துலயும் வரும் அண்ணி."

"எல்லாத்துலயும் வரட்டும். எனக்குப் புள்ளையில்லன்னு ஒனக்குத் தெரியாதா? என் பத்திரத்துல ஏன் வருது?"

பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அந்தச் சொல்லை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மேலே படித்தேன். சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் வந்தது. வடக்கே ஓடை என்று படித்தேன். "வடக்கால ஓடை இல்ல, வண்டிப்பாதை. ஓடை மேக்கால," என்றாள். "அப்பா மொதல் முந்திரி வச்சப்ப நான்தான் கொடத்துல தண்ணி எடுத்தாந்து ஊத்துனேன். எனக்கு ஆறு வயசு. தம்பி அப்ப பொறக்கவே இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. தப்பாக எழுதிய மளிகைச் சீட்டைத் திருத்துகிற மாதிரித்தான் சொன்னாள். அந்தத் தோப்பில் நான் எத்தனை முறை கால் வைத்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

கடைசிப் பக்கம் முடித்துப் பத்திரத்தை மடித்தேன். ஒரு பெண் வந்து மாவு கேட்டாள். அத்தை எழுந்து கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"இப்ப எதுக்கு இதப் படிச்சுக் காட்டுன?"

"புள்ள கேட்டான் அண்ணி. அன்னிக்குப் படிச்சுக் காட்டுனியான்னு கேட்டான்."

"அவன் கேட்டதால படிக்கிற," என்றாள். "நான் அன்னிக்குக் கண்ணாடிய எடுத்துக்கிறேன்னு சொன்னேன்."

தம்பி, அதை அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் மறந்திருந்தேன், நீ கேட்ட பிறகுதான் அது எனக்கு நினைவுக்கே வந்தது. அவளுக்கு இந்த ஒரு வருஷமும் நினைவிருந்திருக்கிறது. இருந்துகொண்டேதான் விமான நிலையத்துக்கு நான் தட்டில் வைத்துக் கொடுத்த அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, உனக்குப் பொடி அரைத்துக் கொடுத்து, கட்டிப்பிடித்து அனுப்பியிருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். தப்புதான் அண்ணி, தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

"நீ படிச்சுக் காட்டியிருந்தாலும் நான் குடுத்துதான் இருப்பேன். எம்புள்ள படிக்கிறதுக்கு இல்லாம அத வச்சுக்கிட்டு நான் என்னா பண்ணப்போறேன்? அதாலதான் எனக்கு ஜாஸ்தி ஆத்தரமா வருது. நான் குடுத்திருப்பேன். நீ குடுக்க விடல, எடுத்துக்கிட்ட."

நீ படிப்பை நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னதைச் சொன்னேன். சொன்னால் அவள் மனம் இளகும், விடு விடு என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"அவனுக்குப் பைத்தியமா? நெலமும் போயி படிப்பும் போனா அப்பறம் நான் எதுக்குக் கையெழுத்துப் போட்டேன்? அவன் பாட்டுக்கு நிறுத்திட்டு வந்து நிப்பான், ஊரு என்னா சொல்லும்? அத்தக்காரி ஏதோ கேட்டா, அதான் படிப்பு நின்னுபோச்சுன்னு சொல்லும். அவன் மனசு சுத்தமாவுறதுக்கு எம்பேரு கெடணுமா? இதையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமத்தான முடிவு பண்றான்?"

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வி உனக்கு. நான் செய்ததையே நீயும் செய்யப் பார்த்தாய், கோபித்துக்கொள்ளாதே. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு அவளைக் கேட்காமலே ஒரு முடிவு. உன் மனம் எனக்குப் புரிகிறது. நல்ல மனம்தான். நான் உன் பவரில் கையெழுத்துப் போட்டபோது எனக்கும் நல்ல மனம்தான் இருந்தது.

அப்புறம் அவள் மறுபடி மாவை ஊற்றிக் கட்டத் தொடங்கினாள். நான் கவரைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். நான் கிளம்ப எழுந்தபோது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அவன் அங்க படிச்சு முடிச்சா வக்கீலு தான?"

"அதுக்கப்பறமும் ஏதோ பரீட்சை இருக்குதாம் அண்ணி. ஆனா வக்கீல்தான்."

"அப்ப எனக்கு அவன்தான் வக்கீலு. அவங்கிட்ட சொல்லு. நான் சொல்றத மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவன் கேட்டு எழுதிக்கணும். எனக்கு என்னா வேணும்னு நான் அவங்கிட்டதான் சொல்லுவேன்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா அண்ணி?"

"நீ எதிர்க்கட்சி," என்றாள்.

அவள் சிரித்தாளா என்று பார்த்தேன். தெரியவில்லை, தம்பி. கண்ணாடி போட்டிருந்தாள், வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா? நிஜமென்றால் அவளுக்கு என்ன வேண்டும்? கொடுக்க என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது, நான் இருக்கிற இந்த வீடா? கேட்டால் கொடுத்துவிடுவேனா? கொடுப்பேன் என்று எழுத நினைத்து விரலை வைத்தேன், அடிக்கவில்லை. பார்க்காத பத்திரத்துக்கு முன்கூட்டியே சம்மதம் சொல்கிற புத்தி இனிமேலாவது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் இரண்டாவது வருஷத்துக்குப் பேரைப் பதிந்துகொள். இது என் கட்டளை இல்லை, உன் கட்சிக்காரி சொன்னது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவு வியாபாரம் முடிந்ததும், இந்திய நேரம் நான்கு மணிக்கு, அவளைக் கூப்பிடு. நான் அங்கே இருக்க மாட்டேன். என்ன பேசினீர்கள் என்று உன்னிடம் கேட்கவும் மாட்டேன், கேட்டால் சொல்லாதே. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். அவள் சுற்றி வளைத்துத்தான் பேசுவாள், முந்திரிக் காலத்தைப் பற்றி, உன் தாத்தாவைப் பற்றி, உன் அப்பா குழந்தையாக இருந்ததைப் பற்றியெல்லாம் சொல்வாள். நடுவில் வெட்டாதே. அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் அம்மா அப்படி இல்லை என்று என் பக்கம் பேசாதே. அந்த ஒரு மணி நேரம் நீ என் பிள்ளை இல்லை.

எனக்கு ஒரே ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அவள் வீட்டைக் கேட்பாளோ, ஊரைக் கூட்டுவாளோ என்ற பயம் இல்லை. கடைசியில் உன் குரலைக் கேட்டதும், "போவுது விடு கண்ணு, எனக்கு ஒண்ணும் வேணாம்," என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம். அப்படிச் சொன்னால் உடனே நம்பி நோட்டை மூடிவிடாதே. இன்னொரு முறை கேள்.

அம்மா